மாடிப்படி ஏறி இறங்குவதில் சிரமம் உண்டா?

செப்டம்பர் 18

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வாலு எழுதுகிறேன். நான் இங்கே சுகம். சளி மட்டும் விட்டுப் போகமாட்டேன் என்கிறது. அம்மாவுக்கு மூச்சு இரைப்பு எப்படி இருக்கிறது? அப்பா எப்படி இருக்கிறார்? நீ? ஒவ்வொருவரைப் பற்றியும் தனித்தனியாக எழுது. "எல்லாரும் நலம்" என்று ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பாதே.

கடைசி வருஷம் தொடங்கிவிட்டது. என் வகுப்பில் பாதிப்பேர் விடுமுறையில் விமானம் ஏறிப்போய் எங்காவது ஓர் ஏழை ஊரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். வகுப்பில் படம் போட்டுக் காட்டுகிறார்கள். குழாயடியில் வரிசை, தகரக் கூரை, மூக்கு ஒழுகும் குழந்தைகள். நான் அந்தப் படத்துக்குள்ளிருந்து வந்தவள் அல்லவா, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.

சர்வதேச வளர்ச்சிப் படிப்பு என்றால் கடைசியில் எல்லாரும் ஓர் ஆய்வு எழுதியாக வேண்டும். நான் நம் கதையையே எடுத்துக்கொண்டேன். ஆற்றோரம் இருந்த நம் மேல்தெருவைக் காலி செய்து அடுக்குமாடிக்குக் கொண்டுபோனார்களே, போனவர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. பேராசிரியருக்குத் தலைப்பு ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனால் நான் வந்துபோக வழியில்லை. அந்தப் புதுவீட்டை நான் இன்னும் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. அதனால் நீதான் எனக்குக் கையும் காலும்.

கேள்வித்தாள்களை இதோடு அனுப்பியிருக்கிறேன். வீடுவீடாகப் போய்க் கேள்வியை அப்படியே வாசி. எடுத்துக் கொடுக்காதே. அவர்கள் சொல்வதை மட்டும் எழுதிக் கையெழுத்து வாங்கு. உன் சொந்தக் கருத்தை ஓரத்தில்கூடக் கிறுக்கக் கூடாது. கிறுக்கினால் ஆய்வு செல்லாது. உன் வாயைக் கொஞ்சநாள் கட்டிப்போடு, உனக்குப் புண்ணியமாகப் போகும்.

அம்மாவை ஒரு வரியாவது எழுதச் சொல்.

உன்,
வாலு

அக்டோபர் 12

வாலுக்கு,

நான் நலம். அப்பா நலம். அம்மா நலம். தனித்தனியாக எழுதிவிட்டேன், போதுமா? உன் சளிக்கு வெந்நீர் குடி. ஊரைத் திருத்துவது அப்புறம் இருக்கட்டும்.

வீடு நன்றாகத்தான் இருக்கிறது. ஆறாம் மாடி, அதற்குமேல் மொட்டை மாடிதான். லிப்டுக்கெல்லாம் இடம் விட்டுக் கட்டியிருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள். அம்மாவுக்கு ஜன்னல் ஓரமாக ஒரு நாற்காலி போட்டிருக்கிறோம். காற்று அள்ளிக்கொண்டு போகிறது. கீழே போகிறவர்களை எல்லாம் பார்த்துக் கணக்கு எடுத்துக்கொண்டிருக்கிறாள். அப்பா சைக்கிள் கடையை இன்னும் போடவில்லை, இடம் பார்க்கிறார். நான் வழக்கம்போல ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்குப் போய்வருகிறேன். பஸ் கொஞ்சம் மாறிப் போகணும், அவ்வளவுதான்.

சித்தி கீழ்த்தெருவை விட்டு அசையமாட்டேன் என்று நிற்கிறாள். கீழ்த்தெருக்காரர்கள் எல்லாருமே அப்படித்தான். குடியமர்வு ஆபீசிலிருந்து ஆள் வந்தால் துடைப்பத்தோடு வெளியே வருகிறாளாம். சித்தப்பா படுத்த படுக்கையாகக் கிடப்பவர், அவரைத் தூக்கிக்கொண்டு எங்கே போவாள் பாவம்.

உன் படிப்பு என்ன படிப்பு என்று எல்லாரும் என்னைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். "முடிச்சா டாக்டரா, வக்கீலா?" என்று சித்தி கேட்டாள். "ரெண்டும் இல்ல, உலகத்தையே முன்னேத்துற படிப்பு" என்று அப்பா நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். "அப்ப நம்ம சாக்கடைய மொதல்ல பாக்கச் சொல்லுங்க மாமா" என்றாள்.

கேள்விகளைக் கேட்டு அனுப்புகிறேன். என் வாயைக் கட்டிப்போடுவது கஷ்டம்தான். உனக்காகச் செய்கிறேன்.

அக்கா

நவம்பர் 3

வாலுக்கு,

சளி விட்டதா? இங்கே எல்லாரும் சுகம். தாள்களைத் தனிக் கட்டாக அனுப்பியிருக்கிறேன், பத்திரமாக வந்து சேர்ந்ததும் எழுது.

நீ இருந்து பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் முகம் கழுவி, தலை வாரி, நல்ல துணி உடுத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். தச்சர் அண்ணன் பிள்ளைகளைப் பார்த்து, "சும்மா இருங்க, பரீட்சை நடக்குது" என்று ஓர் அதட்டுப் போட்டார். தையல்காரி அக்கா ஒவ்வொரு கேள்விக்கும் கண்ணை மூடி யோசித்து யோசித்துச் சொன்னாள். முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சரியா சொல்லிட்டேனா? நம்ம பொண்ணுக்கு நல்லபடியா வரணும்" என்றாள். கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டேன். நீ போட்ட விதி என்றால் விதி.

அம்மாவையும் கேட்டேன். விதிப்படி அவளும் ஒரு குடியிருப்பாளர்தானே. மாடிப்படி ஏறி இறங்குவதில் சிரமம் உண்டா என்ற கேள்விக்கு, "எனக்கு ஒரு சிரமமும் இல்லடி, போடு" என்றாள். போட்டுவிட்டேன். அவளுடைய கையெழுத்து கடைசித் தாளில் இருக்கிறது. அதையே அவள் உனக்கு எழுதிய வரியாக வைத்துக்கொள்.

அக்கா

நவம்பர் 30

என் தங்க அக்காவுக்கு,

நான் சுகமோ சுகம். அம்மா, அப்பா, நீ எல்லாரும் சுகம்தானே? கட்டு பத்திரமாக வந்து சேர்ந்தது. உனக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும்.

எல்லாத் தாளையும் பிரித்து எழுதிப் பார்த்தேன். அநேகமாக எல்லாருமே மனநிறைவோடு இருக்கிறார்கள்! தண்ணீர், வேலை, பள்ளிக்கூடம், மாடிப்படி எதைக் கேட்டாலும் நல்லது, பரவாயில்லை, குறையில்லை. பேராசிரியர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். உலகம் முழுக்க இப்படி இடம் மாற்றப்பட்டவர்கள் புலம்புவதாகத்தான் எல்லா ஆய்வும் சொல்லுமாம், நம்முடையது நேர் எதிராக இருக்கிறதாம். அவர் நம் ஊர்க் குடியமர்வு ஆபீசுக்கு ஆலோசகரும்கூட என்பது எனக்கு இப்போதுதான் தெரியும். என் ஆய்வையும் கையெழுத்துத் தாள்களையும் அவர்களுக்கு அனுப்பலாமா என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். ஆட்டாமல்?

நீ எழுதிய பரீட்சைக் கதையை வகுப்பில் சொன்னேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முதல்முறையாக நானும் பேசினேன் அக்கா.

அப்பா கடை போட்டுவிட்டாரா? அம்மா சாயங்காலம் கீழே இறங்கி நாலு பேரோடு பேசுகிறாளா? பழைய தெருவில் அவளைக் கையைப் பிடித்து வீட்டுக்குள் இழுக்க வேண்டியிருக்குமே.

உன் வாலு

ஜனவரி 26

வாலுக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. எல்லாரும் இருக்கிறோம். சலவைக்கூடத்தில் ஆள் குறைத்துவிட்டார்கள். இரண்டு பேர் பிழியும் ஈரப் போர்வையை இப்போது ஒருத்தியாகப் பிழிகிறேன். வீடு வந்து சேர்ந்தால் பேனா பிடிக்கக் கை வருவதில்லை.

அப்பா நன்றாக உடற்பயிற்சி செய்கிறார். வாளியும் கையுமாக இருக்கிறார்.

சித்தி ஒருநாள் வந்தாள். வாசலில் உட்கார்ந்து, மூச்சு வாங்கி முடித்து, ஒரு செம்பு தண்ணீர் குடித்து, அதன் பிறகுதான் பேசவே ஆரம்பித்தாள். "உன் வீட்டுக்கு வர்றதுக்குள்ள எனக்கு உசுரு போய்த் திரும்பி வருது. இங்க உன் சித்தப்பாவ எப்படிக் கொண்டாருவேன்?" என்றாள். அம்மா சிரித்துக்கொண்டாள்.

உன் மார்க் வந்துவிட்டதா? படியில் யாரைப் பார்த்தாலும் இதே கேள்விதான். நல்லபடியாக வந்தால் எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

பிப்ரவரி 14

அன்புள்ள அக்கா,

நான் சுகம். நீ வேலையில் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. அம்மாவின் இரைப்பு பற்றி நீ ஒன்றுமே எழுதவில்லையே, குறைந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

மார்க் வந்துவிட்டது! வகுப்பிலேயே முதல். படிக்கட்டில் நின்று கூவிச் சொல்லு, எல்லாருக்கும் கேட்கட்டும். பட்டமளிப்புக்கு முன்னால் வெளியிலிருந்து ஒரு பேராசிரியர் ஆய்வைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது மட்டும்தான் பாக்கி, அது சும்மா சடங்கு.

இன்னொன்று. குடியமர்வு ஆபீஸ் என் ஆய்வைத் தங்கள் அறிக்கையில் சேர்த்துவிட்டது. "இடம் மாறியவர்கள் மனநிறைவுடன் வாழ்கின்றனர்" என்ற என் வரி அச்சில் வந்திருக்கிறது, கீழே என் பெயரோடு! அதை வைத்துத்தான் கீழ்த்தெருவையும் மாற்றப்போகிறார்களாம். சித்தி முதலில் குதிப்பாள். ஆனால் யோசித்துப் பார், சித்தப்பாவுக்கு இனி ஈரத்தரை இல்லை, வெள்ளம் இல்லை. நீ எடுத்துச் சொன்னால் கேட்பாள்.

அப்பாவிடம் சொல், உலகத்தில் ஒரு தெருவையாவது முன்னேற்றிவிட்டேன் என்று.

உன் வாலு

மார்ச் 5

நலமா என்று கேட்க எனக்கு மனசு வரவில்லை. உன் மார்க்கையும் நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

கீழ்த்தெருவை இடித்துவிட்டார்கள். சித்தி துடைப்பத்தோடுதான் வந்து நின்றாள். வந்த அதிகாரி உன் அறிக்கையை விரித்துக் காட்டினாராம். "இது உங்க பொண்ணே எழுதினது. உங்க அக்காவே கையெழுத்துப் போட்டிருக்காங்க, ஒரு சிரமமும் இல்லனு. உங்களுக்கு மட்டும் என்ன?" என்றாராம். சித்தி துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டாளாம். எங்கள் பிளாக்கிலேயே ஐந்தாம் மாடி கொடுத்திருக்கிறார்கள். சித்தப்பாவைப் போர்வையில் கட்டித் தூக்கி வந்தோம். சித்தி நேராக என் வாசலுக்கு வந்து, "அவ என்ன கேட்டா, நீ என்னடி எழுதுன?" என்று கேட்டாள். 

இப்போது நீ கேட்காததை எழுதுகிறேன். வாய்க்கட்டை அவிழ்த்துவிட்டேன்.

லிப்டுக்கு இடம்தான் விட்டிருக்கிறார்கள், லிப்ட் இல்லை. பலகை அடித்து மூடியிருக்கிறது. நாலாம் மாடிக்குமேல் தண்ணீர் ஏறாது. அப்பாவின் உடற்பயிற்சி என்று எழுதினேனே, அது இதுதான். கீழே மணல்காடு, சைக்கிளே வராத இடத்தில் யாருக்குப் பஞ்சர் ஒட்டுவார்? அம்மா இந்த வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து கீழே இறங்கவே இல்லை. அதனால்தான் படியில் சிரமம் இல்லை. நாற்காலியிலேயே உட்கார்ந்து தூங்குகிறாள், படுத்தால் மூச்சு முட்டுகிறது.

தெருவில் ஒருவரும் உனக்குக் கெடுதல் நினைக்கவில்லை. உன் கேள்வித்தாளை அவர்கள் உன் பரீட்சை என்றே நினைத்தார்கள். நல்ல பதிலாகச் சொன்னால் உனக்கு நல்ல மார்க் வரும் என்று நினைத்தார்கள். தண்ணீர் சுமந்து தோள் வீங்கிப்போன தச்சர் அண்ணன் தண்ணீர் நல்லா வருது என்று சொன்னார். தையல் மிஷினை மேலே ஏற்ற முடியாமல் விற்றுவிட்ட தையல்காரி அக்கா, தொழில் பரவாயில்லை என்று சொன்னாள். எனக்குத் தெரியும். எழுதினேன். சொல்வதை மட்டும் எழுது, ஓரத்தில்கூடக் கிறுக்காதே என்று நீதான் சொன்னாய். தெரிந்தால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்து நிற்பாய் என்று பயந்து, கடிதத்திலும் வாயை மூடிக்கொண்டேன். என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

அக்கா

மார்ச் 19

அக்கா,

அம்மாவுக்கு எப்படி இருக்கிறது? முதலில் அதை எழுது.

உன் கடிதத்தைச் சாப்பாட்டுக்கூடத்தில் பாத்திரம் கழுவும் வேலைக்கு நடுவில் படித்தேன்.  எனக்கு உன்மேல் கோபம் வந்தது. ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா? அந்தக் கோபம் கொஞ்ச நேரம்தான் தாங்கியது. எனக்கு முதல் வருஷமே இதைச் சொல்லிக்கொடுத்தார்கள் அக்கா. கேட்கிறவருக்குப் பிடித்ததையே மக்கள் சொல்வார்கள், ஜாக்கிரதை என்று ஒரு பாடமே உண்டு. அதைப் பற்றிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கினேன். பரீட்சை நடக்குது என்று தச்சர் அண்ணன் சொன்னதை நீ எழுதி அனுப்பினாய். நான் அதை வகுப்பில் சொல்லிச் சிரித்தேன்.

பேராசிரியரிடம் போனேன். முழுக்கக் கேட்டார், நல்ல மனிதர்தான். "கையெழுத்துப் போட்ட பதில்கள். அவை பொய் என்று நீயே சொன்னால் உன் ஆய்வு செல்லாது. பட்டமும் இல்லை. உன் உதவித்தொகையும் நிற்கும். பட்டத்தை வாங்கிக்கொள், வெளியே போய் நல்லது செய்" என்றார். கதவைத் திறந்துவிட்டுத் தோளைத் தட்டினார்.

 நான் உண்மையை ஆபீசுக்கு எழுதிக் கொடுத்தால் ஒருவேளை லிப்டாவது போடுவார்கள். அம்மா கீழே இறங்கலாம். நான் என்ன செய்யட்டும்? அம்மாவைக் கேட்டு எழுது.

வாலு

ஏப்ரல் 6

வாலுக்கு,

அம்மாவுக்குக் கால் வீங்கியிருக்கிறது. கீழே இறக்கி அழைத்து வந்தால்தான் பார்க்க முடியும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மருந்து மட்டும் வாங்கி வந்து கொடுக்கிறேன்.

உன் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். "அவ ஒண்ணும் எழுத வேண்டாம். நான் எங்க போகப் போறேன்? இங்கயேதான் உக்காந்திருக்கேன். முடிச்சுட்டு வரட்டும்" என்றாள். அப்பா வாளியை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டார்.

அம்மா சொன்னதை எழுதிவிட்டேன். இந்தத் தடவை ஓரத்தில் நானும் கிறுக்குகிறேன். எழுது. ஐந்தாம் மாடியில் சித்தப்பா கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார், அவருக்காகவாவது எழுது. நீ படித்துப் பெரிய ஆளாக வேண்டும் என்று உன்னைவிட எனக்குத்தான் ஆசை. இருந்தாலும் எழுது.

அக்கா

மே 9

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவின் கால் வீக்கம் வடிந்ததா? நான் இருக்கிறேன்.

எழுதிவிட்டேன். நீ சொன்ன எல்லாவற்றையும், யார் ஏன் அப்படிச் சொன்னார்கள் என்பதையும், பல்கலைக்கழகத்துக்கும் குடியமர்வு ஆபீசுக்கும் எழுதினேன். ஆபீசுக்கு லிப்ட் கேட்டு ஒரு மனுவும் சேர்த்து அனுப்பினேன். பல்கலைக்கழகம் சீக்கிரமே பதில் சொல்லிவிட்டது. ஆய்வு ரத்து, பட்டம் இல்லை. அதற்கு நான் தயாராகத்தான் இருந்தேன்.

ஆபீசின் பதில்தான் இன்று வந்தது. சிரமமில்லை என்று கையெழுத்துப் போட்டவர்கள் இப்போது சிரமம் என்றால், அவர்கள் எதைச் சொன்னாலும் இனி ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாதாம். லிப்ட் கேட்கும் மனுவை மேலும் பரிசீலிப்பதற்கில்லையாம். கீழ்த்தெருவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முன்பு அவர்களுக்குப் பேச வாய் இருந்தது அக்கா. நான் அதையும் பிடுங்கிவிட்டேன்.

பாத்திரம் கழுவிப் பயணத்துக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த மாதம் வந்துவிடுவேன். அம்மாவிடம் சொல், நானே முதுகில் சுமந்து கீழே கொண்டுபோகிறேன் என்று. பட்டம் போனதை மட்டும் அவளிடம் சொல்லாதே.

உன் வாலு

மே 27

என் வாலுக்கு,

அம்மா போய்விட்டாள். தந்தி மாதிரி ஒரு வரியில் சொல்லக் கூடாது என்று எத்தனையோ விதமாக எழுதிக் கிழித்தேன். வேறு விதமாக எழுத வரவில்லை.

காலையில் மூச்சு பிடித்துக்கொண்டது. ஆம்புலன்ஸ் கீழே வந்தது. அவர்களுடைய ஸ்ட்ரெச்சர் படிக்கட்டு மூலையில் திரும்பவில்லை. நிமிர்த்திப் பார்த்தார்கள், சாய்த்துப் பார்த்தார்கள், சுவரில்தான் இடித்தது. அதனால் அவளுடைய ஜன்னல் நாற்காலியிலேயே உட்கார வைத்துப் போர்வையால் சுற்றிக் கட்டினோம். தச்சர் அண்ணன் ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம், பின்னால் இரண்டு பேர். சித்தி ஓடிவந்து முன்னால் வழிவிட்டுக்கொண்டு போனாள். என்னோடு அவள் பேசியே மாதங்கள் ஆகின்றன. வாசலில் அம்மா கையைக் காட்டினாள். நாங்கள் குடிவந்த நாளில் அவள் கழற்றி வைத்த செருப்பு அங்கேயே இருந்தது. "போட்டு விடுடி, கீழ போறேன்ல" என்றாள். போட்டு விட்டேன். வீங்கின கால், பாதிதான் நுழைந்தது.

மூன்றாம் மாடியில் நாற்காலியை இறக்கி வைத்து எல்லாரும் மூச்சு வாங்கினார்கள். தச்சர் அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அம்மாவுக்குத் தைரியம் சொல்லத்தான், என்னைப் பார்த்துக் கேட்டார். "ஆமா, நம்ம பொண்ணு பாஸாயிட்டாளா?"

உன் கடிதம் அப்போது என் ரவிக்கைக்குள் இருந்தது. அம்மா நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். கதவு திறந்து தையல்காரி அக்காவும் பார்த்துக்கொண்டு நின்றாள். உன் கேள்வித்தாளுக்கு முன்னால் அவர்கள் எப்படி உட்கார்ந்திருந்தார்கள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"பாஸாயிட்டா அண்ணே. முதல் மார்க்" என்றேன்.

"எனக்குத் தெரியும்" என்றாள் அம்மா. கீழே வருவதற்குள் தலை சாய்ந்துவிட்டது.

செருப்பில் மண் படவே இல்லை. சித்தி அதைக் கையில் வைத்துக்கொண்டு ஆம்புலன்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். அப்பா இன்னும் வாளியோடு ஏறி இறங்குகிறார். முன்பு கொண்டுவந்த அளவுக்கே தண்ணீர் கொண்டுவருகிறார். இப்போது அவ்வளவு வேண்டாம் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

நீ வந்து படியேறும்போது ஒவ்வொரு மாடியிலும் கதவைத் திறந்து கேட்பார்கள். மார்க் எப்படி, பட்டம் எங்கே, இனி லிப்ட் வருமா என்று. அவர்களிடம் உண்மையைச் சொல்லிவிடு. என்னால் முடியவில்லை.

சுகமா என்று உன்னைக் கேட்கவில்லை. நீயும் கேட்காதே. வந்து சேர்.

அக்கா